அப்டேட் முடிந்தது, டச்பேட் நின்றது

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை விண்டோஸுக்கான பாதுகாப்பு அப்டேட்டை வெளியிடுகிறது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் அப்போது காலை 10 மணி. நமக்கு இரவு பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. லேப்டாப்பை நெட்டோடு இணைத்து வைத்துவிட்டுத் தூங்கப் போனவருக்கு விஷயம் தெரிவதே புதன்கிழமை காலையில்தான். திரை வருகிறது, பாஸ்வேர்டும் ஏற்கிறது. ஆனால் டச்பேடில் விரலை எவ்வளவு தேய்த்தாலும் அம்பு அசைவதில்லை.

ஆர்.கே.பேட்டை போன்ற ஊரில் இது சின்னத் தொல்லை அல்ல. நல்ல சர்வீஸ் கடை வேண்டுமென்றால் திருத்தணிக்கோ சோளிங்கருக்கோ பஸ் ஏற வேண்டும். அங்கே கொடுத்தால் இன்று கிடைக்குமா, அடுத்த வாரம் கிடைக்குமா என்பது கடைக்காரர் கையில். அதற்குள் விண்ணப்பத்தின் கடைசித் தேதி போய்விடலாம், புராஜெக்ட் சமர்ப்பிக்கும் நாளும் போய்விடலாம். கடையில் இரண்டில் ஒரு பதில் கிடைக்கக்கூடும்: “டச்பேட் போச்சு, மாத்தணும்” அல்லது “ஃபார்மட் அடிச்சாதான் சரியாகும்”. முதலாவதில் பணம் போகும், இரண்டாவதில் சேமித்து வைத்ததெல்லாம் போகும். இரண்டுமே பெரும்பாலும் தேவையில்லாதவை. நேற்று இரவு வரை ஒழுங்காக வேலை செய்து, அப்டேட் முடிந்த காலையில் நின்ற டச்பேட் அநேகமாகக் கெட்டுப்போனதில்லை. விண்டோஸுக்கும் அதற்கும் இடையிலான வழி அறுந்திருக்கிறது. அந்த வழி எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்க வீட்டிலிருக்கும் கீபோர்டே போதும்.

ஆர்.கே.பேட்டை இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்துக்கும் லேப்டாப்புக்கும் ஒரு தனி உறவு உண்டு. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை 2011 செப்டம்பர் 15 அன்று முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்தது இதே மாவட்டத்தின் காக்களூரில்தான். அன்று முதல் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளிகளில் பிளஸ் டூ படித்த பிள்ளைகள் வழியாக, பள்ளிப்பட்டு, அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை என்று தறி ஓடும் ஊர்களில் ஏராளமான வீடுகளுக்கு முதல் கணினி வந்தது. தமிழக அரசு நிறுவனமான எல்காட் மூலம் வாங்கப்பட்ட அந்த லேப்டாப்புகளில் விண்டோஸும், மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. அக்காவிடமிருந்து தம்பிக்கு, தம்பியிடமிருந்து சித்தி மகளுக்கு என்று கைமாறி அவற்றில் பல இன்னமும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் தரப்படும் என்று 2025 மார்ச் பட்ஜெட்டிலும் அறிவிப்பு வந்தது. ஆக, பழைய மிஷினும் புதிய மிஷினும் ஒரே வீட்டில் இருக்கும் காலம் இது.

பழைய மிஷின்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 போட வேண்டுமென்றால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸராவது இருக்க வேண்டும். இல்லாத மிஷினிலும் அந்தச் சோதனையைத் தாண்டவைத்து விண்டோஸ் 11-ஐ ஏற்ற வழியிருக்கிறது. பலரும் ஏற்றுகிறார்கள். ஏறிவிடும், ஓடவும் செய்யும். ஆனால் அந்த மாடலுக்கு விண்டோஸ் 11-க்கான டிரைவரை, அதாவது பாகத்தை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருளை, தயாரிப்பாளர் பெரும்பாலும் எழுதியிருக்க மாட்டார். அப்படிப்பட்ட மிஷினில் எளிதில் படுத்துவிடுகிற பாகங்களில் ஒன்று டச்பேட்.

ஒரே மிஷினில் கீபோர்டு உயிரோடு இருக்கும்போது டச்பேட் மட்டும் ஏன் சாக வேண்டும்? இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் சுலபம்.

லேப்டாப் கீபோர்டு பெரும்பாலும் பி.எஸ்.2 என்ற பழைய முறையில் பேசுகிறது. ஐ.பி.எம். 1987-இல் கொண்டுவந்த கணினி வரிசையின் பெயர் அது. மிகப் பழையது என்பதால் எந்த விண்டோஸுக்கும், எந்த லினக்ஸுக்கும் அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் தலைமுறை விலையில்லா லேப்டாப்புகள் வந்த காலத்தில் டச்பேடும் பொதுவாக இதே முறையில்தான் இணைந்திருந்தது. விண்டோஸ் 8 காலத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. டச்பேடுகள் மெல்ல மெல்ல ஐ2சி என்ற இணைப்புக்கு நகர்ந்தன. பிலிப்ஸ் நிறுவனம் 1982-இல் உருவாக்கிய முறை அது. தகவலுக்கு ஒரு கம்பி, தாளத்துக்கு ஒரு கம்பி, இரண்டே கம்பிகள். கூடவே, “விரல் பட்டிருக்கிறது, வந்து பார்” என்று பிராசஸரை எழுப்ப மூன்றாவதாக ஒரு கம்பி தனியாகப் போகிறது.

இரண்டு விரலால் நகர்த்துவது, மூன்று விரலால் திரை மாற்றுவது போன்ற வசதிகளெல்லாம் இந்த ஐ2சி வழியில்தான் துல்லியமாகக் கிடைக்கின்றன. அதற்கான விலை, நடுவில் கைமாறும் இடங்கள் கூடிவிட்டன. ஐ2சி கம்பிகளை இயக்கும் கன்ட்ரோலருக்கு ஒரு டிரைவர். எழுப்பும் கம்பியைக் கவனிக்கும் ஜி.பி.ஐ.ஓ. என்ற பாகத்துக்கு ஒரு டிரைவர். இவற்றின் மேல் உட்கார்ந்து, வருவது விரல் அசைவுதான் என்று விண்டோஸுக்குப் புரியவைக்க இன்னொரு டிரைவர். கீபோர்டின் பயணம் நேரடி பஸ் மாதிரி. டச்பேடின் பயணம் ஆர்.கே.பேட்டையில் பஸ் ஏறி, திருத்தணியில் இறங்கி, மின்சார ரயில் பிடித்துச் சென்னை போவது மாதிரி. நடுவில் ஒன்று தவறினாலும் ஊர் போய்ச் சேர முடியாது. அப்டேட் ஒன்று இந்த மூன்று டிரைவரில் ஏதேனும் ஒன்றை மாற்றி, புதியது உங்கள் மாடலுக்குப் பொருந்தாமல் போனால் டச்பேட் நிற்கும். டச்பேடின் டிரைவரை அப்டேட் தொட்டிருக்கவே வேண்டியதில்லை. “டச்பேட் டிரைவரை மூன்று முறை போட்டேன், சரியாகவில்லை” என்று புலம்புகிறவர்கள் பலரும் இந்த இடத்தில்தான் தவறவிடுகிறார்கள். கோளாறு அதற்கு ஒரு படி கீழே இருக்கிறது.

சரி, மிஷினுக்கு வருவோம். ஒரு யு.எஸ்.பி. மவுஸ் கையில் இருந்தால் செருகிக்கொள்ளுங்கள், வேலை பாதியாகக் குறையும். இருநூறு, முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண மவுஸே போதும், அது வேறு வழியில் வருவதால் வேலை செய்யும். மவுஸ் இல்லையென்றாலும் கவலையில்லை. விண்டோஸை முழுக்க முழுக்கக் கீபோர்டாலேயே ஓட்டலாம். ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போக டேப் கீ, மேலும் கீழும் நகர அம்புக்குறிகள், தேர்ந்தெடுக்க என்டர், சுவிட்சைப் போட ஸ்பேஸ், வலது கிளிக்குக்குப் பதில் ஷிஃப்டோடு எஃப்10. இவ்வளவுதான்.

முதலில் செய்ய வேண்டியது ரீஸ்டார்ட். ஷட்டவுன் செய்து மறுபடி ஆன் செய்வது இதற்குச் சமம் இல்லை. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயல்பாகவே போடப்பட்டிருக்கும். ஷட்டவுன் கொடுத்தால் விண்டோஸின் உட்பகுதியை அப்படியே டிஸ்க்கில் உறையவைத்து, மறுநாள் அதே நிலையில் எழுப்பும். மாட்டிக்கொண்ட டிரைவர் மாட்டிக்கொண்டபடியே எழுந்து வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாக ஏறும். விண்டோஸ் கீயோடு எக்ஸை அழுத்தி, பிறகு யு, பிறகு ஆர் என்று தட்டினால் ரீஸ்டார்ட் ஆகும். ஷட்டவுன் செய்து செய்து பார்த்து அலுத்துப்போன பலருக்கு இந்த ஒரு ரீஸ்டார்ட்டே போதுமாக இருந்திருக்கும்.

அதிலும் சரியாகாவிட்டால் ஒரு படி மேலே போகலாம். லேப்டாப் அணைந்திருக்கும்போதும் பேட்டரியிலிருந்து சில சிப்புகளுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். டச்பேடுக்குள் இருக்கும் குட்டி சிப்பும் அதில் ஒன்றாக இருக்கலாம். சார்ஜரைக் கழற்றி, மிஷினை அணைத்து, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் எஞ்சிய மின்சாரமும் வடிந்துவிடும். பேட்டரியைக் கழற்ற முடிகிற பழைய மாடல் என்றால் அதையும் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். ஏசர், லெனோவோ மாடல்கள் சிலவற்றின் அடிப்பாகத்தில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். நீட்டிய ஜெம் கிளிப்பால் அதை அழுத்தினாலும் இதே பலன்.

அடுத்து சுவிட்ச். அப்டேட்டுக்குப் பிறகு டச்பேட் வெறுமனே அணைக்கப்பட்ட நிலையில் இருப்பதும் உண்டு. கீபோர்டின் மேல் வரிசையில், ஒரு செவ்வகத்தின் மேல் குறுக்குக்கோடு போட்ட படம் எந்த கீயில் இருக்கிறது என்று பாருங்கள். கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் அது இடம் மாறும். அதைத் தனியாக ஒரு முறையும், எஃப்.என். கீயோடு சேர்த்து ஒரு முறையும் அழுத்திப் பாருங்கள். பழைய ஹெச்.பி. லேப்டாப் சிலவற்றில் டச்பேடின் இடது மேல் மூலையில் ஒரு புள்ளி இருக்கும். அதை இரண்டு முறை தட்டினால் டச்பேட் அணையும், மறுபடி இரண்டு முறை தட்டினால் உயிர்பெறும்.

பிறகு விண்டோஸ் கீயைத் தட்டி, ஆங்கிலத்தில் டச்பேட் என்று டைப் செய்து என்டர் கொடுங்கள். செட்டிங்ஸில் டச்பேட் பக்கம் திறந்தால், அங்கே இருக்கும் சுவிட்ச் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். மவுஸ் செருகியிருக்கும்போதும் டச்பேட் வேலை செய்யட்டும் என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் மவுஸ் செருகியதும் டச்பேட் ஒதுங்கிக்கொள்ளும். அந்த டிக் போய்விட்டபோது டச்பேட் கெட்டுவிட்டதாக நினைப்பவர்கள் உண்டு. டச்பேட் பக்கமே வரவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான். விண்டோஸின் கண்ணுக்கு டச்பேட் தெரியவில்லை, சுவிட்ச் சமாசாரம் இல்லை, வழி அறுந்திருக்கிறது.

இப்போது டிவைஸ் மேனேஜருக்குள் போக வேண்டும். விண்டோஸ் கீயோடு எக்ஸ், பிறகு எம். மிஷினுக்குள் இருக்கும் எல்லாப் பாகங்களின் பட்டியல் திறக்கும். டேப் அடித்துப் பட்டியலுக்குள் இறங்கி, வலது அம்புக்குறியால் ஒவ்வொரு தலைப்பையும் விரியுங்கள். நமக்கு வேண்டிய இடங்கள் இவை: ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ், மைஸ் அண்ட் அதர் பாயின்டிங் டிவைசஸ், சிஸ்டம் டிவைசஸ். இவற்றோடு அதர் டிவைசஸ் என்ற தலைப்பு தென்பட்டால் அதுவும். விண்டோஸுக்கு அடையாளம் தெரியாத பாகம் இருந்தால்தான் அந்தத் தலைப்பே வரும். ஆகவே அது வந்திருந்தால் கண்ணை அங்கே வையுங்கள்.

ஹியூமன் இன்டர்ஃபேஸ் பகுதியில் ஐ2சி ஹெச்.ஐ.டி. டிவைஸ் என்று ஒரு வரி இருந்து, அதன் ஐகானில் ஆச்சரியக்குறியோடு மஞ்சள் முக்கோணம் ஒட்டியிருந்தால் கோளாறை நேரில் பார்த்துவிட்டீர்கள். அதன் மேல் நின்று என்டர் தட்டினால் ஒரு சிறு கட்டம் திறக்கும், அதில் ஒரு கோட் எண் இருக்கும். இந்தச் சிக்கலில் அடிக்கடி வருவது கோட் 10. டிரைவர் இருக்கிறது, பாகத்தை எழுப்பப் பார்க்கிறது, முடியவில்லை என்று பொருள். கோட் 28 என்றால் டிரைவரே ஏறவில்லை. இந்த எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள், அல்லது போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பின்னால் கடைக்குப் போக நேர்ந்தாலும் உதவும்.

அதே கட்டத்தில் டிரைவர் என்ற பகுதிக்குப் போனால் ரோல் பேக் டிரைவர் என்று ஒரு பட்டன் இருக்கும். அது அழுத்தக்கூடிய நிலையில் இருந்தால், புதிய டிரைவர் ஏறியிருக்கிறது, பழையது இன்னும் மிஷினிலேயே பத்திரமாக இருக்கிறது என்று பொருள். அழுத்துங்கள். காரணம் கேட்கும், ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்டேட்டால் வந்த கோளாறுக்கு இதைவிட நேரான மருந்து இல்லை.

பட்டன் மங்கலாக இருந்தால், அந்த வரியின் மேல் நின்று டிலீட் கீயை அழுத்தி அன்இன்ஸ்டால் கொடுங்கள். டிரைவரையும் சேர்த்து நீக்கவா என்று ஒரு கட்டம் கேட்டால் இப்போதைக்கு டிக் போட வேண்டாம். ரீஸ்டார்ட் ஆகும்போது விண்டோஸ் அந்தப் பாகத்தைப் புதிதாகக் கண்டுபிடித்து டிரைவரை மறுபடி பொருத்தும். பாதியில் நின்றுபோன அப்டேட்டால் வந்த கோளாறு என்றால் பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லையா? அப்போது சிஸ்டம் டிவைசஸுக்கு வாருங்கள். இன்டெல் பிராசஸர் என்றால் சீரியல் ஐ.ஓ. என்ற பெயரில் ஐ2சி ஹோஸ்ட் கன்ட்ரோலர், ஜி.பி.ஐ.ஓ. ஹோஸ்ட் கன்ட்ரோலர் என்ற வரிகள் இருக்கும். ஏ.எம்.டி. என்றால் ஏ.எம்.டி. ஐ2சி கன்ட்ரோலர், ஏ.எம்.டி. ஜி.பி.ஐ.ஓ. கன்ட்ரோலர். இவற்றில் மஞ்சள் முக்கோணம் இருந்தாலோ, இந்த வரிகளே இல்லாமல் அதர் டிவைசஸில் பெயரில்லாத பி.சி.ஐ. டிவைஸ் ஒன்று முக்கோணத்தோடு நின்றாலோ, நான் மேலே சொன்ன அந்தக் கீழ்ப்படி இதுதான். ரோல் பேக்கையும் அன்இன்ஸ்டாலையும் இந்த வரிகளில் செய்து பாருங்கள். எழுப்பும் கம்பியைக் கவனிக்கும் ஜி.பி.ஐ.ஓ. மட்டும் சரியில்லாவிட்டால் டச்பேட் முழுசாகச் சாகாமல், அம்பு விட்டு விட்டுத் திக்கித் திக்கி நகரவும் செய்யலாம்.

மைஸ் பகுதியில், டச்பேட் தயாரிக்கும் கம்பெனிகளான சினாப்டிக்ஸ் அல்லது எலான் என்ற பெயர் இருந்த இடத்தில் வெறும் பி.எஸ்.2 கம்பாட்டிபிள் மவுஸ் என்று இருந்தால் அது வேறு கதை. அம்பு நகரும், கிளிக் விழும், ஆனால் இரண்டு விரலால் பக்கத்தை நகர்த்த முடியாது. பழைய மிஷினில் பெரிய அப்டேட் ஏறும்போது கம்பெனி டிரைவரை எடுத்துவிட்டு விண்டோஸ் தன்னிடமுள்ள பொது டிரைவரைப் போட்டிருக்கிறது. கம்பெனி டிரைவரை மறுபடி போட்டால் போதும்.

அந்த டிரைவரை எங்கிருந்து எடுப்பது? லேப்டாப் தயாரித்த கம்பெனியின் சப்போர்ட் தளத்திலிருந்து மட்டும். மிஷினின் அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணையோ மாடல் பெயரையோ கொடுத்தால் அந்த மாடலுக்கான பட்டியல் வரும். அதில் சிப்செட், சீரியல் ஐ.ஓ., டச்பேட் என்ற இந்த வரிசையில் இறக்கிப் போடுங்கள். கீழ்ப்படி முதலில், மேல்படி கடைசியில். எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் அப்டேட் செய்து தருகிறேன் என்று வரும் மென்பொருள்களை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். அவற்றில் பல, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் டிரைவரையும் மாற்றிவிட்டுப் பணம் கேட்கும்.

இங்கே நம் ஊர்ப் பழக்கம் ஒன்று குறுக்கே நிற்கும். வீட்டில் வைஃபை இல்லாமல் போன் ஹாட்ஸ்பாட்டில்தான் பலரும் லேப்டாப்பை ஓட்டுகிறார்கள். டேட்டா தீர்ந்துவிடாமல் இருக்க அந்த இணைப்பை மீட்டர்டு என்று குறித்து வைத்திருப்பார்கள், நல்ல பழக்கம்தான். ஆனால் மீட்டர்டு இணைப்பில் விண்டோஸ் டிரைவர்களை இறக்காது. செட்டிங்ஸில் டிவைசஸ் பக்கத்தில், மீட்டர்டு இணைப்பிலும் டிரைவரை இறக்கலாம் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. வேலை முடியும் வரை அதை ஆன் செய்து வையுங்கள். விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் ஆப்ஷனல் அப்டேட்ஸ் என்ற இடத்தையும் ஒரு முறை திறந்து பாருங்கள். டச்பேடோ சிப்செட்டோ சம்பந்தப்பட்ட டிரைவர் அங்கே எடுப்பாரில்லாமல் காத்திருக்கக்கூடும்.

ஏசர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. ஏசர் மாடல்கள் பலவற்றின் பயாஸில், அதாவது விண்டோஸ் ஏறும் முன் திறக்கும் அமைப்புத் திரையில், டச்பேட் என்ற வரியில் பேசிக், அட்வான்ஸ்டு என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். பேசிக் என்றால் பழைய பி.எஸ்.2 வழி, அட்வான்ஸ்டு என்றால் ஐ2சி வழி. மிஷின் ஆன் ஆகும்போது எஃப்2-வைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் திறக்கும். ஐ2சி டிரைவர் எப்படியும் சரிவரவில்லை என்றால் இதைப் பேசிக்குக்கு மாற்றிச் சேமித்துவிட்டு வெளியே வாருங்கள். பல விரல் வசதிகள் போய்விடும், ஆனால் அம்பு நகரும், அவசர வேலை நடக்கும். விண்டோஸ் 11 உள்ள மிஷினில் பயாஸைத் தொடுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை: டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால், அடுத்த முறை ஆன் செய்யும்போது 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கலாம். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். முதலில் அதைப் போனில் திறந்து பார்த்து எழுதி வைத்துக்கொண்டு பிறகு கை வையுங்கள்.

எதுவும் பலிக்காவிட்டால் அப்டேட்டையே திருப்பி எடுக்கலாம். விண்டோஸ் அப்டேட்டில் ஹிஸ்டரி பக்கத்தின் அடியில் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் இருக்கிறது. தேதியைப் பார்த்து, கோளாறு தொடங்கிய நாளில் ஏறியதை எடுங்கள். எடுத்த கையோடு அப்டேட்டை ஒரு வாரமாவது நிறுத்தி (Pause) வையுங்கள், இல்லையென்றால் அன்று இரவே மறுபடி ஏறிவிடும். மாதாந்திர அப்டேட்டாக இல்லாமல், விண்டோஸ் 10-இலிருந்து 11-க்குத் தாவியதில் வந்த கோளாறு என்றால் ரெகவரி பக்கத்தில் கோ பேக் என்று இருக்கும். அதற்குக் கெடு 10 நாள். அதன் பிறகு பழைய விண்டோஸின் கோப்புகள் அழிக்கப்பட்டுவிடும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக்கூடிய வேலை அல்ல அது.

அப்டேட்டால் கைக்கருவி செத்துப்போவது ஏதோ நம் பழைய மிஷினில் மட்டும் நடக்கும் துரதிர்ஷ்டம் என்று யாரும் நினைக்க வேண்டாம். விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்த அதே 2025 அக்டோபர் 14 அன்று வந்த விண்டோஸ் 11 அப்டேட் ஒன்று, கே.பி. 5066835, ரெகவரி திரையில் யு.எஸ்.பி. மவுஸையும் கீபோர்டையும் உலகம் முழுக்கச் செயலிழக்கச் செய்தது. கோளாறு வந்தால் சரிசெய்ய நுழையும் அறையிலேயே கையைக் கட்டிப்போட்ட மாதிரி. பழைய பி.எஸ்.2 கீபோர்டு வைத்திருந்தவர்கள் அங்கே தப்பித்தார்கள். மைக்ரோசாஃப்ட் அக்டோபர் 20 அன்று திருத்தம் வெளியிட்டது. உலகத்தில் எத்தனையோ விதமான மிஷின்கள் இருக்கும் நிலையில், எல்லாச் சேர்க்கைகளையும் முன்கூட்டியே சோதித்துப் பார்க்க எந்தக் கம்பெனியாலும் முடியாது. அதனால்தான் திரும்பி வரும் வழியை நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

பாஸ் லினக்ஸ் அல்லது உபுன்டு ஓட்டுகிறவர்களுக்கு இந்த வேலை இன்னும் சுலபம். லினக்ஸில் டிரைவர்கள் பெரும்பாலும் கெர்னல் என்ற மையப்பகுதிக்குள்ளேயே இருக்கின்றன. புதிய கெர்னல் ஏறும்போது பழையது உடனே அழிவதில்லை. மிஷின் ஆன் ஆகும்போது வரும் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்பதற்குள் போனால் முந்தைய கெர்னலின் எண் தெரியும். அதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போங்கள். டச்பேட் வேலை செய்தால் கோளாறு புதிய கெர்னலில் என்பது உறுதி. அடுத்த கெர்னல் வரும்வரை பழையதிலேயே ஓட்டலாம். பி.எஸ்.2 வகை டச்பேட் என்றால் பி.எஸ்.மவுஸ் (psmouse) என்ற மாட்யூலைக் கழற்றி மறுபடி ஏற்றினாலும் விழித்துக்கொள்வது உண்டு.

விண்டோஸ்காரர்களுக்கும் லினக்ஸால் ஒரு பெரிய பயன் இருக்கிறது. உபுன்டுவை ஒரு பென்டிரைவில் ஏற்றி, டிஸ்க்கில் எதையும் நிறுவாமல், அதிலிருந்தே மிஷினை ஓட்டிப் பார்க்கலாம். அங்கே டச்பேட் நகர்ந்தால் பாகம் நன்றாக இருக்கிறது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். மாற்றச் சொல்பவருக்குக் காட்டவும் அதுவே போதும்.

அங்கேயும் அசையவில்லை என்றால்தான் பாகத்தைச் சந்தேகிக்க வேண்டும். டச்பேடிலிருந்து மதர்போர்டுக்கு நாடா போன்ற மெல்லிய கேபிள் ஒன்று போகிறது. மிஷின் கீழே விழுந்ததிலோ, முன்பு ஒரு முறை திறந்து மூடியதிலோ அது நழுவியிருக்கலாம். மறுபடி செருகுவது கடைக்காரருக்கு அதிக நேரம் பிடிக்காத வேலை. டச்பேடின் ஒரு பக்கம் லேசாக மேலே தூக்கிக்கொண்டிருந்தாலோ, அழுத்தினால் கிளிக் விழாமல் கல் மாதிரி இருந்தாலோ உடனே மிஷினை அணைத்துச் சார்ஜரைக் கழற்றுங்கள். அடியிலிருக்கும் பேட்டரி வீங்கி டச்பேடை மேலே தள்ளுகிறது. அப்டேட்டோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. வீங்கிய பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது, ஊசியால் குத்திப் பார்ப்பதோ அழுத்தி மூடுவதோ கூடவே கூடாது. இந்த ஒரு விஷயத்துக்காகப் பஸ் ஏறுவது வீண் அல்ல.

பேட்டரி பேச்சு வந்ததால் இன்னொன்று. பழைய லேப்டாப் பலவற்றில் பேட்டரி பெயருக்குத்தான் இருக்கும், சார்ஜர் பிடுங்கினால் அணைந்துவிடும். அப்படிப்பட்ட மிஷினில் அப்டேட் பாதி ஏறும்போது கரண்ட் போனால், பழைய டிரைவரும் இல்லாமல் புதிய டிரைவரும் முழுசாக வராமல் நடுவில் நிற்கும். இத்தகைய மிஷின் வைத்திருப்பவர்கள் அப்டேட்டைத் தானாக ஓட விடாமல், மின்தடை அறிவிப்பு இல்லாத ஒரு நாளில், கண்முன்னே உட்கார்ந்து ஏற்றுவது நல்லது. ஏற்றும் முன் சிஸ்டம் ரீஸ்டோர் பாயின்ட் ஒன்றை உருவாக்கிவிடுங்கள். சில நிமிட வேலைதான், கோளாறு வந்தால் அந்த நிலைக்கே திரும்பலாம். விண்டோஸ் 10-ஐ விட முடியாதவர்கள், பொருந்தாத மிஷினில் 11-ஐத் திணிப்பதற்குப் பதிலாக, பாதுகாப்பு அப்டேட்டுகளை 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துத் தரும் திட்டத்தில் சேர்ந்துகொள்ளலாம். அந்த அவகாசத்தில் லினக்ஸுக்குப் பழகிக்கொண்டால் இன்னும் நல்லது.

கடைக்குப் போவதே வழி என்றாகிவிட்டால் வெறுங்கையோடு போகாதீர்கள். அப்டேட் ஏறிய தேதி, டிவைஸ் மேனேஜரில் பார்த்த கோட் எண், முக்கோணம் எந்த வரியில் இருந்தது, லினக்ஸ் பென்டிரைவில் டச்பேட் நகர்ந்ததா இல்லையா, இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். “டச்பேட் வேலை செய்யல அண்ணா” என்று சொன்னால் அவர் ஆரம்பத்திலிருந்து தேட வேண்டும், அந்த நேரத்துக்கும் சேர்த்துத்தான் கூலி. “ஐ2சி-ல கோட் 10 வருது, அப்டேட்டுக்கு அப்புறம்தான், லினக்ஸ்ல ஓடுது, என்னைக் கேட்காம ஃபார்மட் பண்ணாதீங்க அண்ணா” என்று சொன்னால் எங்கே கை வைக்க வேண்டும் என்று அவருக்கும் தெரியும். முக்கியமான கோப்புகளைக் கிளம்புவதற்கு முன்பே பென்டிரைவில் எடுத்துவிடுங்கள். அதற்கும் டச்பேட் தேவையில்லை. விண்டோஸ் கீயோடு ஈ அடித்தால் ஃபோல்டர்கள் திறக்கும், கண்ட்ரோலோடு ஏ, கண்ட்ரோலோடு சி, பென்டிரைவுக்குள் போய்க் கண்ட்ரோலோடு வி.